ஆட்டத்தில் இரண்டு மரக்கால்

நீதி என்னும் சொல்லின் பொருளை மனிதன் முதன்முதலாகக் கற்றுக்கொள்வது நீதிமன்றத்தில் அன்று, பள்ளிக்கூடத்திலும் அன்று. விளையாட்டுக் கட்டத்தின் ஓரத்தில்தான் அவன் அதைக் கற்றுக்கொள்கிறான். "இது அழுகுணி ஆட்டம்!" என்று ஐந்து வயதுக் குழந்தை கண்ணீரோடு கூவும்போது, அக்குழந்தை ஒரு பெரும் அறத்தை உணர்ந்துவிட்டது என்று நாம் கொள்ளலாம். எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒன்றை ஒருவர் மட்டும் மீறலாகாது என்பதே அவ்வறம்.

விதியை மீறி ஆடுவதற்கு நம் தமிழில் பெயர்கள் பல உண்டு. கள்ளாட்டம் என்போம், அழுகுணி என்போம், பிள்ளைகள் போங்கு என்பார்கள். ஆனால் விதியை ஓர் எழுத்தும் மீறாமலே ஆட்டத்தைக் கெடுக்கின்ற ஒரு வழியும் உண்டு. விதியில் எங்கோ விடுபட்ட ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து, அதன் வழியே நுழைந்து, "விதியில் இப்படித்தானே இருக்கிறது? நான் எதை மீறினேன்?" என்று கேட்பது அவ்வழி. இதற்கு நம்மிடம் தனிப் பெயர் இல்லை. பெயர் இல்லாத குற்றத்தைத் திறமை என்று எண்ணி ஏமாறுவது எளிது. ஆகவே இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது குடும்பங்களுக்குப் பயன் தரும் என்று கருதுகிறோம்.

தாயக் கட்டமும் வீட்டு விதியும்

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் 'தானே' புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையைக் கடந்ததை நம் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வீழ்ந்து பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. தொலைக்காட்சி ஓய்ந்த அந்நாட்களில் பல இல்லங்களின் திண்ணையில் சுண்ணக்கட்டியால் தாயக் கட்டம் வரையப்பட்டதை நாம் கண்டோம். பரணில் கிடந்த பித்தளைத் தாயக்கட்டைகள் கீழே இறங்கின. அவை இல்லாத வீட்டில் சோழியும், ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையும் அவ்வேலையைச் செய்தன.

தாயம் விழுந்தால்தான் காயை இறக்கலாம் என்பது எல்லாருக்கும் பொது. ஆனால் எதிரியின் காய் ஒன்றையேனும் வெட்டினால்தான் உட்கட்டத்திற்குள் செல்லலாம் என்பது ஒரு வீட்டு விதி. வெட்டாமலும் செல்லலாம் என்பது மற்றொரு வீட்டு விதி. மலையில் இருக்கும் காயை வெட்டலாகாது என்பதில் ஐயமில்லை. ஒரே மலையில் இருவர் காய்களும் ஒருங்கே நிற்கலாமா என்று கேட்டால் தெருவுக்குத் தெரு விடை மாறும். கட்டை கட்டத்திற்கு வெளியே உருண்டால் கணக்கா, இல்லையா என்பதும் அப்படியே.

இந்த ஆட்டத்திற்கு அச்சிட்ட விதிநூல் ஒன்றும் நம் வீடுகளில் இருந்ததில்லை. பாட்டிமாரின் நினைவே விதிநூல். ஆயினும் தலைமுறை தலைமுறையாக ஆட்டம் நடந்து வந்திருக்கிறது. எழுதாத விதியைக் காத்தது எது? 'நாளையும் இவர்களோடுதான் ஆடவேண்டும்' என்ற எண்ணமே அதைக் காத்தது. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

மேசையில் ஒரு கூத்து

நம் இளைஞர்களிடையே இப்போது வேறொரு வகை ஆட்டம் பரவி வருகிறது. விடுமுறைக்கு வீடு திரும்பிய கல்லூரி மாணவர் சிலர் அதைப் பற்றி எம்மிடம் கூறினர். ஐவர் கூடி மாதக்கணக்கில் ஆடிய ஒரு குழு, விதி ஒன்றைப் பற்றிய வழக்கில் இரண்டாகப் பிரிந்து, பேச்சுவார்த்தையும் அற்றுப்போயிற்றாம். "யார் பக்கம் நியாயம், சுவாமி?" என்பதே அவர்களது வினா.

வேடம் பூண்டு கதையாய் ஆடும் மேசை ஆட்டம் என்று இதனைச் சொல்லலாம். இவ்வகையில் முதன்முதலாக அச்சில் வெளிவந்தது 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் ஆட்டம். அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் இயற்ற, 1974-ஆம் ஆண்டில் மூன்று சிறு புத்தகங்களாக, முதலில் 1000 படிகள் மட்டும் அச்சாயின. இன்று உலகெங்கும் அது ஆடப்படுகிறது. 1980-களில் அந்நாட்டின் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில, இது பிள்ளைகளைப் பேய் வழிபாட்டிற்கு இட்டுச்செல்லும் என்று அஞ்சியதுண்டு. அவ்வச்சம் பிற்காலத்தில் பெரிதும் தணிந்துவிட்டது. நம் கட்டுரையின் அக்கறையும் அதுவன்று.

நம் தென்னார்க்காட்டு மக்களுக்கு இவ்வாட்டத்தை விளக்குவது கடினமன்று. தெருக்கூத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் வீமன், ஒருவர் அருச்சுனன். காட்சியைத் தொடங்கி, வருவோரை அறிமுகம் செய்து, கதையைத் தொடுத்துச் செல்பவர் கட்டியங்காரர். இந்த மேசைக் கூத்திலும் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்கிறார். ஒருவர் மட்டும் கதையை நடத்துகிறார். அவரே அரக்கர்களாகவும் கடைக்காரராகவும் வழிப்போக்கராகவும் பேசுகிறார். அவரே நடுவருமாவார். வேறுபாடு ஒன்றே. கூத்தில் முடிவு முன்னரே தெரியும், இங்கே தெரியாது. வீரன் மதிலைத் தாண்டினானா, தவறி விழுந்தானா என்பதை இருபது முகங்கொண்ட பகடை ஒன்று தீர்மானிக்கும். இதில் வென்றவர், தோற்றவர் என்றில்லை. எல்லாரும் ஒருங்கே ஒரு கதையைக் கட்டுகிறார்கள்.

மனிதர் மனத்தில் தோன்றும் செயலையெல்லாம் முன்கூட்டியே எழுதிவைக்க எந்த விதிநூலாலும் இயலாது. ஆதலால் இவ்வாட்டத்தின் விதிகளில் ஓட்டைகள் இருந்தே தீரும். அவற்றைத் தேடுவதையே தம் ஆட்டமாகக் கொண்டவர்களும் உண்டு.

இரண்டாயிரம் உழவரும் ஒரு கழியும்

இவ்வாட்டக்காரர் நடுவே புகழ்பெற்ற ஓர் ஓட்டையைச் சொல்லுகிறோம். ஆட்டத்தில் போர் நிகழும்போது ஒரு சுற்று என்பது 6 வினாடி. அந்த 6 வினாடிக்குள் ஒவ்வொருவரும் ஒரு செயல் செய்யலாம். 'பக்கத்தில் நிற்பவர் ஒரு பொருளைத் தந்தால், உடனே அதை அடுத்தவரிடம் தருவேன்' என்று முன்னதாகவே சொல்லிவைக்கவும் விதி இடந்தருகிறது.

கெட்டிக்கார ஆட்டக்காரர் ஒருவர் சிந்தித்தார். 2000 உழவர்களைக் கூலிக்கு அமர்த்தி, 5 அடிக்கு ஒருவராக வரிசையில் நிறுத்துவேன். முதல்வர் கையில் ஒரு கழியைக் கொடுப்பேன். எல்லாரும் அதே சுற்றில் கை மாற்றுவார்கள். ஆகவே அக்கழி 10,000 அடியை, அதாவது 3 கிலோமீட்டரை, 6 வினாடியில் கடந்துவிடும். ஒலியையும் மிஞ்சும் வேகம் அது! அந்த வேகத்தில் கழி பாய்ந்தால் எந்தப் பறவைநாகம் பிழைக்கும்?

முதற்பார்வையில் இதில் குற்றம் காண்பது அரிது. ஒவ்வொரு படியும் விதிக்குப் பொருந்தியே இருக்கிறது. ஆனால் இறுதிப் படியை உற்றுநோக்குங்கள். கழியைக் கடத்தும்போது அவர் விதிநூலைக் கையில் எடுத்தார். உண்மை உலகின் இயல்பை மறந்தார். மெய்யான உழவர் 2000 பேர் 6 வினாடியில் ஒரு கழியைக் கைமாற்ற இயலுமோ? கழி பாய்ந்து தாக்கும்போதோ விதிநூலை மூடிவைத்தார்; இயற்பியலைக் கையில் எடுத்தார். விதிநூலையே தொடர்ந்து பிடித்திருந்தால், எறிந்த கழி ஒரு சாதாரணக் கழியே. நாகத்திற்கு ஒரு கீறல்கூட ஒழுங்காக விழாது. இயற்பியலையே தொடக்கமுதல் பிடித்திருந்தாலோ, கழி நூறாவது உழவரைக்கூட எட்டியிராது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. பகைவனை வீழ்த்துந்தோறும் வீரனுக்குப் புதுவலிமை உண்டாகும் என்று ஒரு விதி. ஆட்டக்காரர் ஒருவர் பை நிறைய எலிகளைச் சுமந்துகொண்டு போருக்கு வருகிறார். தேவைப்படும்போதெல்லாம் ஓர் எலியைக் கொன்று வலிமை பெறுகிறார். பயனைக் கொள்ளும்போது எலி பகைவன். ஆபத்தை எண்ணும்போது எலி வெறும் எலி.

2024-ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாட்டத்தின் நடத்துநர் கையேடு இத்தகைய தந்திரங்களுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறது. ஆட்ட விதி இயற்பியல் அன்று என்றும், நல்லெண்ணத்தோடு பொருள்கொள்ளப்படும் என்னும் நம்பிக்கையிலேயே விதிகள் எழுதப்பட்டன என்றும் அது தெளிவுறுத்துகிறது. ஐம்பது ஆண்டுகள் விதி எழுதிப் பழகியவர்கள் இறுதியில் நம் பாட்டிமார் நின்ற இடத்திற்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

வாங்க ஒன்று, விற்க ஒன்று

இவ்விரு தந்திரங்களுக்கும் பொதுவான தன்மை யாது? நெல் விளையும் நம் பகுதியின் பழைய வழக்கைக் கொண்டே அதைச் சொல்லிவிடலாம். உழவனிடம் நெல் வாங்கும்போது பெரிய மரக்காலால் அளந்து, ஏழைக்கு விற்கும்போது சிறிய மரக்காலால் அளக்கும் வணிகனைப் பற்றி முன்னோர் பேசுவதுண்டு. அவன் அளவில் ஒருமுறைகூடத் தப்பவில்லை. ஒவ்வொரு மரக்காலும் தலைதட்டிச் சரியாகவே அளக்கப்பட்டது. குற்றம் அளப்பதில் இல்லை. மரக்கால் இரண்டாக இருப்பதில்தான் இருக்கிறது. இருவகை எடைக்கற்களையும் இருவகை அளவைகளையும் இறைவன் வெறுப்பதாக நீதிமொழிகள் நூல் கூறுவதும் இக்குற்றத்தையே.

விதியின் ஓட்டையில் நுழைபவர் செய்வதும் இதுவே. தமக்கு ஆதாயம் வரும் இடத்தில் விதியின் எழுத்தைப் பிடிப்பார். எழுத்து தம்மைத் தடுக்கும் இடத்தில் அதன் கருத்தைப் பேசுவார். ஆகவே ஒரு செயல் சாமர்த்தியமா, ஓட்டையா என்று அறிய ஒரு சோதனையே போதும். தொடக்கமுதல் இறுதிவரை ஒரே மரக்காலால் அளந்தாலும் அச்செயல் நிற்கிறதா? நின்றால் அது திறமை. சதுரங்கத்தில் ராணியையே பலிகொடுத்து எதிரியை முடக்குவது எவரும் எதிர்பாராததுதான். ஆயினும் அது ஓட்டையன்று. இருவருக்கும் பொதுவான ஒரே அளவையில் விளைந்த வெற்றி. அதைக் கண்டு தோற்றவரும் தலையசைப்பார். இரண்டு மரக்கால் கொண்டு வென்றவனைக் கண்டு எவரும் தலையசைப்பதில்லை; எழுந்து போய்விடுவார்கள்.

அத்தினாபுரத்துச் சூது

இதற்கு நம் நாட்டின் பெருஞ்சான்று பாரதத்துச் சூதாட்டம். கடலூர், விழுப்புரம் பகுதிகளில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் கூத்தர்கள் விடிய விடிய நடிக்கும் கதை அது. மேசையின்மீது பகடை உருளும் ஆட்டங்களில் அதைவிடப் பெரிய விதிவழக்கு எதுவும் எழுந்ததில்லை எனலாம்.

சகுனியின் காய்கள் கள்ளக் காய்கள் என்பர் பலர். அதை ஒருபுறம் வைப்போம். வியாசர் பாரதத்தின்படி, பொருளைப் பந்தயம் வைப்பவன் துரியோதனன். காயை உருட்டுபவன் சகுனி. ஒருவனுக்காக மற்றொருவன் ஆடுவது முறையாகத் தோன்றவில்லையே என்று தருமன் தொடக்கத்திலேயே கூறுகிறான். கூறிவிட்டு அமர்ந்தும் விடுகிறான். அவன் பக்கத்திலோ கையும் அவனுடையது, இழப்பும் அவனுடையது. மரக்கால் இரண்டானது அங்கேதான்.

பின்னர் நாடும் தம்பியரும் போயினர். தருமன் தன்னையே வைத்துத் தோற்றான். அதன்பின் பாஞ்சாலியை வைத்தான். அவையில் இழுத்து நிறுத்தப்பட்ட அப்பெண்ணரசி கேட்ட கேள்வி விதியைப் பற்றிய கேள்வியே. தன்னை முன்னரே தோற்று அடிமையாகிவிட்டவனுக்குப் பிறிதொருவரைப் பந்தயம் வைக்க உரிமை ஏது? அடிமைக்கு உடைமை இல்லை என்று தருமனை அளந்த கௌரவர், பாஞ்சாலியை அளக்கும்போது அவன் உடைமையாளன் என்றனர். வாங்க ஒரு மரக்கால், விற்க ஒரு மரக்கால்!

அவையில் முதியோர் பலர் இருந்தனர். அறத்தின் நெறி நுட்பமானது, விடை கூற இயலவில்லை என்றார் வீட்டுமர். கற்றறிந்த ஏனையோர் வாளா இருந்தனர். விதுரர் இடித்துரைத்தார். கௌரவருள் இளையவனான விகர்ணன் எழுந்து, இது நியாயமன்று என்று வெளிப்படையாகக் கூறினான். அவனை அதட்டி அமர்த்தினர். நுட்பம் என்று சொல்லி முதியோர் நழுவிய வினாவிற்கு இளைஞன் ஒருவன் நேரிய விடை கண்டான் என்பது நாம் சிந்திக்கத் தக்கது. விதியின் ஓட்டை தனியே தீங்கு செய்வதில்லை. அதைக் கண்டும் பேசாதிருக்கும் அவைதான் அதற்கு வலிமை தருகிறது.

கொர்பான்

நற்செய்தியிலும் இத்தகைய வழக்கு ஒன்று உண்டு. தாய் தந்தையரைப் போற்றுக என்பது கட்டளை. கடவுளுக்கு நேர்ந்த பொருளை வேறு வகையில் செலவிடலாகாது என்பதும் முறைமை. இவ்விரண்டிற்கும் இடையே ஓர் ஓட்டையைக் கண்டனர் சிலர். முதிய பெற்றோருக்குத் தரவேண்டிய பொருளை 'கொர்பான்', அதாவது கடவுளுக்கான காணிக்கை, என்று சொல்லிவிட்டால் பெற்றோருக்கு உதவ வேண்டியதில்லை. விதி மீறப்படவில்லை; தாய் பட்டினி கிடந்தாள். மாற்கு நற்செய்தி 7-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இவ்வழக்கத்தைக் கடிந்துகொள்கிறார். விதி அறியாதாரை அன்று, விதியை நன்கு கற்றவர்களையே கடிந்துகொள்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

இது பழங்கதையன்று. முதிய பெற்றோரிடம் வீட்டையும் நிலத்தையும் தானமாக எழுதி வாங்கிக்கொண்டு, பின் அவர்களைக் கைவிடும் பிள்ளைகளை நம் காலத்திலும் காண்கிறோம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பராமரிப்போம் என்னும் நிபந்தனையோடு பெற்ற சொத்திற்கு உரியவர் அக்கடமையில் தவறினால் அப்பத்திரத்தை இரத்துச் செய்யலாம் என்பது அதன் 23-ஆம் பிரிவு. உடனே ஓர் ஓட்டை தேடப்பட்டது. "அந்த நிபந்தனை பத்திரத்தில் எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டனர் பிள்ளைகள். தாயிடம் கையெழுத்து வாங்கும்போது பாசத்தைப் பேசினர். தாய் சோறு கேட்கும்போது பத்திரத்தைப் பேசினர். 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தாயின் வழக்கில், இச்சட்டத்தை அது இயற்றப்பட்ட நோக்கத்திற்கேற்பப் பரந்த மனத்தோடு பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி, தானப் பத்திரத்தை இரத்துச் செய்தது.

தாயக் கட்டத்தருகே கற்ற வழக்கம் பத்திரப் பதிவு அலுவலகம் வரை செல்கிறது. விளையாட்டுத்தானே என்று இதை நாம் ஒதுக்கிவிடலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

விதி எழுதியோர் குற்றம்

ஓட்டையைப் பயன்படுத்துவோர் மீதே எப்போதும் பழி சுமத்துவதும் நீதியாகாது. சிலவேளை குற்றம் விதியை எழுதியவர் பக்கம் இருக்கும்.

1994-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள் கரீபியன் கோப்பைத் தகுதிப் போட்டி ஒன்றில் பார்படாஸ் அணியும் கிரெனடா அணியும் காற்பந்து ஆடின. பார்படாஸ் அணி இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் அடுத்த சுற்றுக்குச் செல்ல முடியும். ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரத்தில் கோல் விழுந்தால் அந்த ஒரு கோல் இரண்டாகக் கணக்கிடப்படும் என்று அமைப்பாளர் ஒரு விதி வகுத்திருந்தனர். 2-1 என்று முன்னணியில் இருந்த பார்படாஸ் அணி, நேரம் போதாதென்று கண்டு, தன் வலைக்குள்ளேயே பந்தை அடித்து ஆட்டத்தைச் சமனாக்கிற்று. அதன்பின் கிரெனடா அணி இருபுறத்து வலைகளில் எதிலேனும் கோல் போட முயல, பார்படாஸ் அணியினர் இரு வலைகளையும் காத்து நின்றனர்! கூடுதல் நேரத்தில் ஒரு கோல் அடித்து 4-2 என்று வென்றனர். அந்த முடிவு மாற்றப்படவில்லை, மாற்றாததே முறை. ஏனெனில் அவர்கள் இரண்டு மரக்கால் பிடிக்கவில்லை. கோணல் மரக்கால் ஒன்றைச் செய்து இரு அணியின் கையிலும் கொடுத்தவர் அமைப்பாளரே.

ஓட்டை என்று பழிக்கப்படும் செயல் உண்மையில் ஓட்டையே அல்லாதிருப்பதும் உண்டு. 1947 டிசம்பரில் சிட்னியில், பந்து வீசுமுன்பே கோட்டைவிட்டு நகர்ந்த பில் பிரவுனை வினூ மன்கட் ஆட்டமிழக்கச் செய்தார். எதிரணித் தலைவரான டான் பிராட்மன் மன்கட்டின் பக்கமே பேசினார். ஆயினும் அச்செயல் பல்லாண்டுகள் மன்கட்டின் பெயராலேயே இழித்துப் பேசப்பட்டது. 2019-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் ஜெய்ப்பூரில் நம் சென்னை வீரர் அஷ்வின் ஜோஸ் பட்லரை அவ்வாறே ஆட்டமிழக்கச் செய்தபோது, உலகமே இரு கட்சியாயிற்று. 'ஆட்டத்தின் ஆன்மா' கெட்டதென்றனர் ஒரு சாரார். ஓட ஒரு கெஜம் முன்கூட்டிப் பெற்றுக்கொள்ளும்போது எழாத ஆன்மாவைப் பற்றிய கவலை, அதற்கு விலை கேட்கப்படும்போது மட்டும் எழுவது முறையா? விதியின் எழுத்தைக் கொண்டு மட்டுமல்ல, 'ஆன்மா'வைக் கொண்டும் இரண்டாம் மரக்கால் செய்யலாம் என்பதற்கு இது சான்று. கிரிக்கெட் விதிகளைக் காக்கும் மெரில்போன் சங்கம் 2022-ஆம் ஆண்டில் இதனை 'நேர்மையற்ற ஆட்டம்' என்னும் தலைப்பிலிருந்து எடுத்து, 'ரன் அவுட்' என்னும் தலைப்பின்கீழ் சேர்த்தது.

வளைவதும் வளைப்பதும்

இங்கே ஒரு வினா எழலாம். 'ஒரே மரக்கால் என்றால் விதி எவருக்காகவும் இளகவே கூடாதா? கைக்குழந்தை பருவம் தாண்டாத பிள்ளைக்குத் தாயம் விழும்வரை மீண்டும் மீண்டும் உருட்ட இடந்தருகிறோமே, அதுவும் தவறா?'

தவறன்று. அறிஞர் அரிஸ்டாட்டில் இதை நெடுங்காலத்திற்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார். சட்டம் பொதுவாகவே பேசும். வாழ்க்கையோ தனித்தனி நிகழ்ச்சிகளால் ஆனது. லெஸ்போஸ் தீவின் கொத்தர்கள் வைத்திருந்த ஈய அளவுகோல் கல்லின் வடிவுக்கேற்ப வளைந்ததுபோல, சட்டமும் வளையவேண்டிய வேளை உண்டு என்றார் அவர். புனித தோமா அக்குவினாரும் இதை ஏற்று ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். அடைக்கலமாகத் தந்த பொருளைத் திருப்பித் தரவேண்டும் என்பது சட்டம். ஆனால் வாளைத் தந்துவிட்டுப் போனவன் சித்தம் கலங்கி வந்து கேட்கும்போது அதைத் தருவது அறமாகாது.

அப்படியாயின் நல்ல வளைவுக்கும் தீய வளைவுக்கும் வேற்றுமை என்ன? வளைவதால் பயன் யாருக்கு என்று பாருங்கள். குழந்தைக்காக விதி இளகும்போது வலியவர் விட்டுக்கொடுக்கிறார், எளியவர் பெறுகிறார். அது எல்லார் கண்முன்னும், எல்லார் இசைவோடும் நடக்கிறது. ஓட்டையில் நுழைபவரோ தமக்காகவே விதியை வளைக்கிறார். பிறர் அறியாத நேரம் பார்த்தே வளைக்கிறார். முன்னதில் ஆட்டம் வாழ்கிறது, பின்னதில் மடிகிறது.

மேசைத் தலைவரின் கடமை

இனி அம்மாணவரின் வழக்கிற்கு வருவோம். எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிக்க நாம் அம்மேசையில் இருந்ததில்லை. ஆயினும் அவர்களுக்கு நாம் கூறியதை இங்கே பொதுவில் வைக்கிறோம். வீட்டில் தாயம் ஆடுவோருக்கும் இது பொருந்தும்.

ஆட்டம் தொடங்குமுன்பே ஐயமான இடங்களைப் பேசிவிடுங்கள். வெட்டாமல் உள்ளே செல்லலாமா என்று காயை இறக்குமுன் கேட்டால் அது கேள்வி. எதிரியின் காய் வாசலில் நிற்கும்போது கேட்டால் அது சண்டை.

புதிய தந்திரம் ஒன்று மனத்தில் தோன்றினால், அதை நடுவரிடமும் தோழரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லக் கூசினால் அச்செயலைப் பற்றிய தீர்ப்பு அங்கேயே கிடைத்துவிட்டது.

நடுவராக இருப்பவர், தாம் ஒருவருக்கு இடந்தந்ததை எல்லாருக்கும் தரவேண்டும். தாம் நடத்தும் அரக்கருக்கும் தரவேண்டும். "நீ உழவரை வரிசையில் நிறுத்திக் கழி எறியலாம் என்றால், நாளை உன் கோட்டைக்கு எதிரே அரக்கரும் அவ்வாறே நிற்கலாமே?" என்று சிரித்த முகத்தோடு கேட்டால் பல வழக்குகள் அப்போதே தீர்ந்துவிடும். 'நான் சொல்வதே முடிவு' என்னும் அதிகாரம் நடுவருக்கு உண்டு என்பது மெய்யே. ஆனால் வேண்டியவருக்கு ஒன்றும் வேண்டாதவருக்கு ஒன்றும் சொல்லும் நடுவரின் கையில் இருப்பதும் இரண்டு மரக்காலே. மூத்த பேரன் உருட்டினால் 'கை தவறிற்று, மறுபடி உருட்டு' என்றும், இளைய பேத்தி உருட்டினால் 'விழுந்தது விழுந்ததுதான்' என்றும் சொல்லும் தாத்தாமார் இதைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.

விதியில் மெய்யாகவே ஓட்டை இருந்தால் அடுத்த ஆட்டத்திற்கு அதை அடைத்துவிடுங்கள். நடந்துபோன ஆட்டத்தின் மீது புதுவிதியை ஏவி, நேற்று நேர்மையாக ஆடியவரை இன்று குற்றவாளி ஆக்காதீர்கள்.

இறுதியாக, அவையில் இளையவர் ஒருவர் 'இது நியாயமா?' என்று கேட்டால், அதட்டி அமர்த்தாதீர்கள். விகர்ணனை அமர்த்திய அவைக்கு நேர்ந்த கதி எல்லாரும் அறிந்ததே.

தோழமையைவிட ஒரு பறவைநாகம் பெரிதன்று, ஒரு தாயமும் பெரிதன்று. பிரிந்துபோன அந்த ஐவரும் மீண்டும் ஒரே மேசையில் அமர்வார்களாயின், விதிநூலைத் திறக்குமுன் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொள்ளட்டும். ஆட்டத்தை அதன்பின் தொடங்கலாம்.